எண்பத்திரண்டில் போன வேன்

போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவள் நான் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் ஓர் அடி பின்னால் நகர்வார்கள். அப்புறம் இரண்டு அடி முன்னால் வந்து, தங்களுக்கு வந்த ஃபைனைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்பார்கள். ரிட்டையராகி இரண்டு வருடமாகிறது. இன்னும் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் போனை எடுத்து நோட்டீசைக் காட்டாமல் பாயசத்தில் கை வைப்பதில்லை.

சென்ற மாதம் பவித்ரா போன் செய்தாள். என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். இப்போது கேமரா படம் பிடிக்கிறது, கம்ப்யூட்டர் நோட்டீஸ் அனுப்புகிறது. ஆனாலும் "நான் அந்த வேகத்தில் போகவே இல்லை" என்று சண்டைக்கு வருகிற கூட்டம் குறையவில்லையாம். யார் சொல்வது நிஜம் என்று எப்படி மேடம் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். கண்டுபிடித்தேனா, நானா? அவளுக்கு ரோஸ்லின் கதையைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, இதை எழுதி வையுங்கள் என்றாள். எழுதுகிறேன். இதில் மூக்கறுபட்டவள் நானே என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூருதான். அப்பா மாநிலப் பொதுப்பணித் துறையில் இருந்தார். நான் படித்தது சிவாஜிநகர் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். கன்னடம் தெருவிலும் பஸ்ஸிலும் தானாக வந்தது. நான் பேசினால் மைசூர்க்காரர்களே எந்த ஊர் என்று கேட்பார்கள், எனக்குத் தலை கால் புரியாது. படிக்கவும் எழுதவும் மட்டும் வேலைக்குச் சேர்ந்த பிறகு இலாகாப் பரீட்சைக்காகக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது தடவையில் தேறினேன். அதற்குமேல் பயிற்சி என்று யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு மேசை, ஒரு சிவப்புப் பென்சில், ஓர் ஆட்டம் காணும் நாற்காலி கொடுத்தார்கள்.

அந்தச் சிவப்புப் பென்சில்தான் என் வேலை. ரோட்டில் ஜீப்பை நிறுத்தி வேகம் பார்க்கும் போலீஸ்காரர்கள் மாலையில் தங்கள் தாளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாதாரணமாக மெஷினே அச்சடித்துத் தரும். அச்சு யந்திரம் கெட்டுப்போன நாட்களில் கையால் எழுதுவார்கள்: வரிசை எண், வண்டி நம்பர், வேகம். பார்த்த வண்டி எல்லாவற்றையும் எழுத வேண்டும், தப்பு செய்தவை மட்டுமல்ல. நான் அதில் வேகம் மீறியவற்றுக்குச் சிவப்பில் டிக் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, நோட்டீஸ் அனுப்புவேன். மறுப்பு மனு வந்தால் அசல் தாளை எடுத்துச் சரிபார்த்து, மனுவின் ஓரத்தில் குறிப்பு எழுதி இன்ஸ்பெக்டர் மேசையில் வைப்பேன். என் டிக் தப்பானது என்று ஒரு மனுவும் அதுவரை ஜெயித்ததில்லை. அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இன்ஸ்பெக்டர் கங்காதரய்யா. தும்கூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். கோப்பைத் திறக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் குப்புற வைப்பார். மனுக்களைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். முதல் பத்தியில் எல்லாரும் வக்கீல், கடைசி வரியில்தான் மனுஷன் வருவான் என்றார்.

அவர் வாயிலிருந்து 'ஆகட்டும்', 'ஆகாது' இரண்டும் வராது. எதற்கும் ஒரே பதில், "நோடோணா". கன்னடத்தில் பார்க்கலாம் என்று பொருள். ஆனால் அதில் மூன்று வகை உண்டு. நீட்டி முழக்கி "நோடோ...ணா" என்றால் நடக்காது, வீட்டுக்குப் போ. டக்கென்று சொன்னால் நாளைக்கு வா. மெதுவாக, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னால், அந்த மனிதர் நிஜமாகவே எழுந்து போய்ப் பார்க்கப்போகிறார். மூன்றாவது வகையை நான் அவரிடம் நாலைந்து முறைதான் கேட்டிருப்பேன்.

ரோஸ்லின் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. லிங்கராஜபுரத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்துக்கொண்டு, தானே ஓட்டி, பதினான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவள். பள்ளி வாசலுக்கு முந்தைய, ஐம்பது வரை போகக்கூடிய ரோட்டில் அவள் வேன் எண்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போனதாக நோட்டீஸ். வண்டி நம்பர் போட்ட நோட்டீஸ் எப்படியோ பள்ளிக்கூடத்துக்கும் தெரிந்துபோய், அவர்கள் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நோட்டீஸ் ரத்தான உத்தரவைக் காட்டாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேன் வேண்டாம். வேன் வேண்டாம் என்றால் அவள் வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. இரண்டு காகிதத்தையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மேடம், என் வண்டி எம்பத்திரண்டுல போச்சுன்னா நானே கேக் வெட்டி எல்லாருக்கும் குடுப்பேன். சும்னே எழுதிட்டாங்க."

"மெஷின் சும்னே எழுதாதும்மா. மெஷினுக்கு உங்க மேல என்ன கோவம்?" என்றேன்.

ஸ்பீட் கவர்னர் மாட்டியிருக்கிறது, நாற்பதுக்குமேல் ஏறாது என்றாள். எல்லாரும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள் என்றேன். அப்போது அவள் சொன்னதுதான் என்னை முழுக்கக் கெடுத்தது.

"எம்பத்திரண்டுல வந்திருந்தா சித்தப்பா என்னை விட்டிருப்பாரா மேடம்? சித்தப்பாதான் வண்டிய நிறுத்தினாரு. லைசென்ஸ், மருந்துப் பொட்டி எல்லாம் பாத்துட்டு, சரியா இருக்கு, போன்னு சொன்னாரு."

எனக்குச் சுரீரென்று ஏறியது. போலீஸில் உறவுக்காரரை வைத்துக்கொண்டு அந்தத் தைரியத்தில் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சித்தப்பா பெரியப்பா எல்லாம் வீட்டோடு, இந்த மேசையில் உறவு செல்லாது என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் விநோதமாகப் பார்த்தாள்.

"எனக்குச் சித்தப்பாவே கெடயாது மேடம்."

பொய்யும் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு மனு எழுதினாள். நான் பீரோவிலிருந்து அசல் தாளை எடுத்துப் பார்த்தேன். அச்சு யந்திரம் கெட்டுப்போன ஒரு நாளில் கையால் எழுதிய தாள் அது. அவள் வண்டி நம்பர், நேரே 82. மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். 82. வீட்டுக்குக் கிளம்புமுன் இன்னொரு தடவை. என் குணத்தில் அது ஒரு நல்ல பக்கம், எதையும் மூன்று முறை பார்ப்பேன். "மூன்று முறை சரிபார்க்கப்பட்டது, தவறில்லை" என்று மனு ஓரத்தில் எழுதி, தாளைப் பீரோவில் பூட்டிவிட்டு, மனுவை மட்டும் இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தேன்.

மறுநாள் காலை அவர் கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்தார். கடைசி வரியைப் படித்தார். அவள் இப்படி எழுதியிருந்தாள்: சாவியைத் தருகிறேன், நீங்களே ஓட்டி எண்பத்திரண்டு வரவழைத்துவிட்டால் வேனையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் உதடு துடித்தது. அப்படியே மேலே படித்துக்கொண்டு போனவர், யார் இந்தச் சித்தப்பா என்று கேட்டார். அவளுடைய உறவு சார், போலீஸில் இருக்கிறாராம் என்றேன்.

கங்காதரய்யா சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வாரம் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து நமக்கு உதவிக்கு வந்த ஹெட் கான்ஸ்டபிளின் பெயரே சித்தப்பா, சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையை அந்தம்மா படித்திருக்கிறாள் என்றார். கர்நாடகத்தில் தெருவுக்கு ஒரு சித்தப்பா உண்டு. இத்தனை வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டிய எனக்கு அது தோன்றவில்லை, எனக்குள் இருந்த தமிழச்சிக்குச் சித்தப்பா என்றால் சித்திக்குப் புருஷன்தான்.

அந்தச் சித்தப்பாவுக்குப் போன் போட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார், போன் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நோடோணா" என்றார், மெதுவாக.

வியாழக்கிழமை அரசு விடுமுறை, பள்ளிக்கூடமும் இல்லை. காலை ஆறரைக்கு ஊருக்கு வெளியே, ஆனேக்கல் பக்கம் போகும் ஒரு நீளமான ரோட்டுக்கு வேனை வரச்சொன்னார். ஜீப் டிரைவர் நாகராஜ் வேகம் பார்க்கும் மெஷினோடு அரை கிலோமீட்டர் தள்ளி நின்றார். இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸோடு வேனின் முன் சீட்டில் ஏறினார். குறிப்பெடுக்க நான் பின்னால் ஏறினேன். அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சு, என் முழங்கால் என் தாடையை இடித்தது. யாரோ ஒரு குழந்தை விட்டுப்போன பாதி பிஸ்கட் என் பக்கத்தில் இருந்தது.

இந்த ரோட்டில் எண்பது வரைக்கும் போகலாம், அதற்குமேல் போனால் இங்கேயே நோட்டீஸ் எழுத வேண்டிவரும் என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். எழுதுங்க சார், பிரேம் போட்டு மாட்டிக்கறேன் என்று ரோஸ்லின் ஆக்சிலேட்டரை மிதித்தாள். வேன் முக்கியது, முனகியது, ஒரு கட்டத்துக்குமேல் அசையமாட்டேன் என்றது. வயர்லெஸ்ஸில் நாகராஜின் குரல் கேட்டது.

"நலவத்தெரடு, சார்."

நாற்பத்திரண்டு. நான் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டே, கவர்னரை நேற்று மாட்டியிருந்தாலும் மாட்டியிருக்கலாமே சார் என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் அதுவும் சரிதான் என்று நாகராஜைக் கூப்பிட்டு, கவர்னரின் இணைப்பை அவிழ்க்கச் சொன்னார். மறுபடி கிளம்பினோம். இம்முறை வேன் உடம்பெல்லாம் ஆடியது. கண்ணாடிகள் ஆளுக்கொரு ராகம் பாடின. ஐம்பதைத் தாண்டியதும் பக்கத்துக் கதவு தானாக விலகித் திறந்துகொண்டது. என் குடை வெளியே போய் விழுந்தது. நான் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் குறிப்பேட்டையும் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றேன், முன்னால் ரோஸ்லின் மாதாவைக் கூப்பிட்டாள், இன்ஸ்பெக்டர் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாகராஜ் சொன்னது ஐம்பத்தேழு. அதற்குமேல் அந்த வேனைத் தள்ளிவிட்டாலும் போயிருக்காது.

இறங்கியதும் மூன்று பேரும் காரணமில்லாமல் சிரித்தோம். நாகராஜ் என் குடையைப் பொறுக்கிக் கொண்டுவந்து, கவர்னரைப் பழையபடி மாட்டினார். ரோஸ்லின் பிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் காபி ஊற்றினாள். எனக்கு ஊற்றும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. நாளைக்கு வெள்ளிக்கிழமை மேடம் என்று மெல்லச் சொன்னாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் காபியைக் கீழே வைத்தேன்.

வேனால் முடியாது என்பது தெரிந்துவிட்டது. மெஷினின் சரிபார்ப்புச் சான்றிதழும் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் எண்பத்திரண்டு எங்கிருந்து வந்தது? அது தெரியாமல் ரத்து செய்தால் அந்த வாரத்து நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் யாராவது கேள்வி கேட்பார்கள். வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் என் மேசைக்கே வந்தார். தாளைக் கேட்டார். அவர் அதை அதுவரை பார்த்திருக்கவில்லை. மூன்று முறை சரிபார்த்தது என்று நான் எழுதியதை நம்பியிருந்தார்.

கடிகாரம் என் மேசைமேல் குப்புறப் படுத்தது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, கன்னடத்தில் வேகத்தை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். ஐவத்தாறு, மூவத்தொம்பத்து, நலவத்தெரடு, அரவத்தொந்து என்று போய்க்கொண்டே இருந்தார்.

"சார், ஒரு வரி விட்டுட்டீங்க. ரோஸ்லின் வண்டி மேலே இருக்கு. எம்பத்தெரடு" என்றேன் கன்னடத்தில்.

அவர் விரல் மேலே போனது. அந்த வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நலவத்தெரடு" என்றார்.

"எம்பத்தெரடு, சார்."

"நலவத்தெரடு, அம்மா."

ஒரே தாள், ஒரே வரி, இரண்டு பேரும் படித்தவர்கள். அவர் அந்த வரிக்கு மேலும் கீழும் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டு, இப்போது பாருங்கள் என்றார். பார்த்தேன். தனியாக நின்றபோதுதான் அந்த வரி மட்டும் வேறு கையெழுத்து என்று தெரிந்தது. தாள் முழுக்க இளம் கான்ஸ்டபிள் ஒருவர் இங்கிலீஷ் எண்ணில் எழுதியிருந்தார். அவர் டிபன் சாப்பிடப் போன நேரத்தில் அந்த ஒரு வரியை மட்டும் சித்தப்பா எழுதியிருக்கிறார். வேகத்தை அவர் கன்னட எண்ணில் எழுதியிருந்தார்.

கன்னட எண் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கிலீஷ் எட்டை எழுதி, தலையை மட்டும் மூடாமல் விட்டுவிட்டால் அது கன்னட நான்கு. கன்னட இரண்டு கிட்டத்தட்ட நம் 2 போலவேதான், கொஞ்சம் வால் நீளம். சித்தப்பா ஜீப்பின் மேல் தாளை வைத்து வேகமாக எழுதியதில் நான்கின் தலை ஏறக்குறைய மூடிக்கொண்டுவிட்டது. மயிரிழை அளவு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி கங்காதரய்யா கண்ணுக்கு ஊர் வாசல் மாதிரி தெரிந்தது, எனக்கு அது பேனா மை காய்ந்த இடம். இலாகாப் பரீட்சையில்கூட நான் 1, 2, 3 என்றுதான் எழுதினேன், யாரும் ஒரு மார்க் குறைக்கவில்லை. மைசூர்க்காரரை ஏமாற்றும் கன்னடம் பேசுகிறவளுக்கு நான்கு எழுதத் தெரியாது என்று யார் நினைப்பார்கள்?

மூன்று முறை பார்த்தேன் சார் என்று முனகினேன். முதல் தடவை பார்த்தீர்கள், மற்ற இரண்டு தடவையும் உங்கள் டிக்கைப் பார்த்தீர்கள் என்றார். திட்டவில்லை, சொன்னார், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஒரு பக்கம் சிரிப்பாகவும் வந்தது, அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி. அவள் பொய் சொல்லவில்லை. மெஷின் பொய் சொல்லவில்லை. தப்பு என்னிடம் இருந்தது, என்னிடம் இருந்தால் நானே சரி செய்துவிடலாம்.

ரத்து உத்தரவை நானே கன்னடத்தில் கைப்பட எழுத வேண்டும், எண்களும் கன்னடத்திலேயே இருக்க வேண்டும் என்றார். பவுண்டன் பேனாவைத் திறந்து, பழைய காகிதத்தில் நான்கை வரிசையாக எழுதிப் பழகினேன். ஐம்பத்தைந்தாவது வயதில் எனக்கு இரண்டாவது அட்சராப்பியாசம். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவே போனில் கிடைத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. ஏன் வண்டி நம்பரை இங்கிலீஷிலும் வேகத்தைக் கன்னடத்திலும் எழுதினீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வண்டி நம்பர் வண்டிக்காரர்கள் எழுதியது, இருப்பதை அப்படியே எழுதினேன். வேகம் நான் கண்ணால் பார்த்தது, அதை என் எழுத்தில்தானே எழுதுவேன் என்றார் அவர். இதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது?

ரோஸ்லின் பதினோரு மணிக்கு வந்தாள். நான் எழுந்து நின்று உத்தரவைக் கொடுத்தேன்.

"தப்பு என்னுதும்மா. நாலை எட்டுன்னு படிச்சுட்டேன். உங்களைப் பொய் சொல்றீங்கன்னு வேற நெனச்சேன்."

அவள் உத்தரவை இரண்டு முறை படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன், அவள் கத்தியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? அந்த எம்பத்திரண்டு நோட்டீச நானே வெச்சுக்கட்டா? என் வண்டிக்கு இதுவரைக்கும் யாரும் இவ்வளவு மரியாதை குடுத்ததில்ல."

இன்ஸ்பெக்டர் அந்த நோட்டீசின் குறுக்கே ரத்து என்று முத்திரை குத்தி அவள் கையில் கொடுத்தார். அவள் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். திங்கட்கிழமை காலை பதினான்கு பிள்ளைகளும் அதே வேனில்தான் போனார்கள். அடுத்த வாரம் கேக் வந்தது, நிஜமாகவே. மேலே க்ரீமில் ஒரு கன்னட நான்கு, தலை நன்றாகத் திறந்திருந்தது. அன்றிலிருந்து நான் மேடம் இல்லை, அக்கா.

அதன்பின் என் சர்வீஸ் முடியும்வரை, கையால் எழுதிய தாள் வந்தால் வரியின் மேலும் கீழும் காகிதம் வைத்து மறைத்துத்தான் படித்தேன். யாராவது சித்தப்பா சொன்னார் என்று வந்தால், எந்த ஸ்டேஷன் என்று கேட்பேன்.

நான் ரிட்டையரான நாளில், அதற்கு முன்பே ரிட்டையராகிவிட்ட கங்காதரய்யாவும் வந்திருந்தார். வழக்கப்படி மாலை போட்டு ஜீப்பில் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அன்றைக்கு ஏதோ ஊர்வலம், எல்லா ஜீப்பும் பந்தோபஸ்துக்குப் போய்விட்டது. வாசலில் ரோஸ்லின் வேனோடு நின்றாள். கங்காதரய்யா தன் பழைய இடத்தில் முன்னால் ஏறினார். நான் மாலையும் கழுத்துமாகப் பின்னால் அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தேன். டிரைவர் சீட்டுக்கு மேலே, கண்ணாடி பிரேமுக்குள், எண்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போன அந்த வேனின் நோட்டீஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது ஓர் ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம் காய்கறி ஏற்றிய ஒரு மொபெட் தாண்டியது. ரோஸ்லின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா, எம்பத்திரண்டுல போலாமா?"

கங்காதரய்யா திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"நோடோணா" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். வேன் நாற்பத்திரண்டைத் தாண்டவில்லை.